டாவோஸ் நடைச்சுற்றுலா: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்புக்குரிய வாடிக்கையாளர்களுக்கு அன்பான வணக்கம்.

சுவிற்சர்லாந்தின் மலையூரான டாவோஸில் நாங்கள் நடத்தும் நடைச்சுற்றுலாவைப் பற்றிய ஒரு குரற்பதிவு கடந்த இரண்டு வாரங்களாக வட்ஸ்அப்பில் சுற்றி வருவதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். எனக்கே அதை ஒன்பது பேர் அனுப்பி வைத்தார்கள். பேசியவர் யாரென்று எங்களுக்குத் தெரியும். அவரும் எங்கள் வாடிக்கையாளர்தான் என்பதால் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் சொன்ன குறைகள் நான்கு. தேநீர் ஆறியிருந்தது என்பது உண்மை; போத்தலின் மூடி உடைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றுக்கும் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

பனிச்சறுக்கு ஊரைப் பார்க்க வந்தவர்களுக்கு நான் முக்கால் மணி நேரம் காசநோய்க் கதை சொன்னேன் என்கிறார். சொன்னேன்தான். அந்த நோய் இல்லாவிட்டால் இந்த ஊருக்குக் குளிர்காலத்தில் யார் வந்திருப்பார்கள்? ஜெர்மனியின் பாடன் கிளர்ச்சியில் கலந்துகொண்டு, தப்பியோடி, சூரிச்சில் மருத்துவம் படித்த அலெக்சாண்டர் ஸ்பெங்லர் 1853-இல் இங்கே ஊர் வைத்தியராக வந்தார். 1,560 மீற்றர் உயரத்தில் வாழ்ந்த உள்ளூர்ச் சனங்களிடையே காசநோய் அரிது என்று அவர் கண்டதிலிருந்துதான் எல்லாமே தொடங்கியது. 1865 பெப்ரவரியில், பனி மூடிக் கிடந்த நேரத்தில், உங்கர், ரிக்டர் என்ற இரண்டு நோயாளிகள் துணிந்து வந்து சேர்ந்தார்கள். ரிக்டர் குணமாகி, ஊரைவிட்டுப் போகாமல் இங்கேயே புத்தக வியாபாரியானார். 1867-இல் நோயுற்ற இளம் மனைவியை அழைத்து வந்த வில்லெம் யான் ஹோல்ஸ்போயர் என்ற ஒல்லாந்தர் ஒரு காலத்தில் கப்பல் தலைவராக இருந்தவர். மனைவி இறந்துவிட்டார்; அவர் திரும்பிப் போகவில்லை. அடுத்த ஆண்டே ஸ்பெங்லரோடு சேர்ந்து சிகிச்சை விடுதி நிறுவினார். லாண்ட்குவார்ட்டிலிருந்து 1890-இல் டாவோஸ் வந்து சேர்ந்த ரயில் பாதையும் அவருடைய முயற்சியே. நீங்கள் எல்லோரும் ஏறி வருகின்ற அந்தச் சிவப்பு ரயிலின் பின்னால் மனைவியைப் பறிகொடுத்த ஒருவர் இருக்கிறார் என்பதைச் சொல்லாமல் நான் எதைச் சொல்வது?

பொல்கன் என்ற பனிச்சறுக்குச் சரிவின் அடிவாரத்தில் நாங்கள் நிற்பதில்லை என்று அவர் சொல்வதும் சரியல்ல. சூரிச் பொறியியலாளர் எர்ன்ஸ்ட் கொன்ஸ்டாம் அமைத்த, சறுக்குபவர்களை மேலே இழுத்துச் செல்லும் லிஃப்ட் 1934-ஆம் ஆண்டு நத்தாருக்கு முதல் நாள் அங்கேதான் ஓடத் தொடங்கியது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்கிறோம். குரல் கொடுத்தவர் அந்த நேரத்தில் தொலைபேசியில் இருந்தார்.

மனதைத் தைத்தது நான்காவது குறை; அது ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் கதைகளை எழுதியவரைப் பற்றியது. ‘ஆதர் கொனன் டொயில்தான் சுவிற்சர்லாந்துக்குப் பனிச்சறுக்கைக் கொண்டு வந்தவர் என்று ஊரே சொல்கிறது, இந்த ஆள் மட்டும் இல்லை என்று பொய் சொல்கிறார்’ என்று அவர் பேசியிருக்கிறார். முப்பது வருடங்களுக்கு மேலாக இந்த ஊரில் இருக்கிறேன். கோப்பை கழுவ வந்தவன். சமையற்கட்டின் பின்வாசலில் இடைவேளைக்கு நின்றபோது வயதான சமையற்காரர் ஒருவர் மலையைக் காட்டிச் சொன்ன கதையை, பிறகு ஜெர்மன் படித்துத் தேடித்தேடிச் சரிபார்த்தவன். பொய்யன் என்ற சொல்லை என்னால் எளிதில் விழுங்க முடியவில்லை.

நடந்தது இதுதான். காசநோய் கண்ட தன் மனைவிக்காகக் கொனன் டொயில் 1893-இல் இங்கே வந்தார். அதற்கு முன்பே டோபியாஸ், யோகான் என்ற பிராங்கர் சகோதரர்கள் நோர்வே நாட்டுச் சறுக்குப் பலகைகளோடு பழகிக்கொண்டிருந்தார்கள். அயலவர்கள் சிரித்தபடியால் இருட்டிய பிறகே வெளியே போய்ப் பழகினார்கள் என்று இங்கே சொல்வார்கள். மயன்ஃபெல்டர் ஃபுர்கா என்ற கணவாயைத் தாண்டி அவர்கள் அரோசா என்ற ஊருக்குப் போனதும் 1893-இல். அந்த அண்ணன் தம்பிமார் 1894 மார்ச் 23-ஆம் திகதி கொனன் டொயிலைக் கூட்டிக்கொண்டு அதே வழியால் போனார்கள். மிகச் செங்குத்தான ஓரிடத்தில் பலகைகளைக் கழற்றிச் சேர்த்துக் கட்டி, வண்டில்போல அதன்மேல் உட்கார்ந்தபடி சறுக்கி இறங்கினார்கள். எழுத்தாளரின் பலகைகளோ அவருக்குக் கீழிருந்து நழுவித் தனியே ஓடிவிட்டன. மிச்சச் சரிவை அவர் தன் கம்பளிக் காற்சட்டையின் இருக்கையாலேயே இறங்கி முடித்தார். அந்தத் துணி தேயவே தேயாது என்று தையற்காரர் சொன்ன உறுதிமொழியைக் கேலி செய்து பின்னர் எழுதியவரும் அவரே. அரோசா விடுதிப் பதிவேட்டில் அவருடைய தொழில் என்ற இடத்தில், டோபியாஸ் தன் எழுத்தில் ‘விளையாட்டுக்காரர்’ என்று நிரப்பினார்.

இந்தப் பயணத்தைப் பற்றி அவர் ஆங்கிலப் பத்திரிகையில் எழுதிய பிறகுதான் ஆங்கிலேயர் பலருக்கு இங்கே வந்து சறுக்கும் ஆசை வந்தது. அந்தப் பெருமையை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. டாவோஸ் இருக்கும் கிராவுபுண்டன் மாநிலத்துக்குச் சறுக்குப் பலகையைக் கொண்டு வந்தவன் நானே என்ற தொனியில் அவரும் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார் என்பதையும் சுற்றுலாவில் சொல்கிறேன். ஆனால், கூட்டிக்கொண்டு போனவர்கள் இருக்க, கூடப் போனவருக்கே முழு மாலையையும் போடுவது எந்த ஊர் நியாயம்? சுவிற்சர்லாந்தின் முதலாவது பனிச்சறுக்குக் கழகம்கூட 1893-இல் கிளாருஸில் தொடங்கப்பட்டது, டாவோஸில் அல்ல. இதைச் சொல்வதால் எங்கள் ஊருக்குக் குறைவு வரும் என்று நினைப்பவர்கள் அதன் மற்றப் பெருமைகளையும் பார்க்கலாம். ஸ்பெங்லரின் மகன் கார்ல், முதல் உலகப் போரில் ஒருவரையொருவர் சுட்ட நாடுகளின் இளைஞர்கள் மறுபடி சேர்ந்து விளையாடட்டும் என்று 1923-இல் நிறுவிய பனி ஹொக்கிக் கிண்ணம் இன்றுவரை இங்கேதான் நடக்கிறது.

நான்கு வருடங்களாக எங்களோடு வழிகாட்டியாக இருந்த தம்பி, ஒக்டோபரில் விடுதி ஒன்றில் நிரந்தர வேலைக்குப் போய்விட்டார். அங்கே கிடைக்கும் சம்பளத்தை எங்களால் கொடுக்க முடியாது. அவர்மேல் எங்களுக்கு எந்த மனவருத்தமும் இல்லை. ஆகவே இந்தக் குளிர்காலத்தில் சனிக்கிழமை நடைகள் மட்டுமே நடைபெறும் என்பதையும், கட்டணம் ஒருவருக்கு 45 பிராங்கிலிருந்து 60 பிராங்காகிறது என்பதையும், முன்பே பணம் கட்டியவர்கள் மீதியை வரும்போது தரலாம் என்பதையும் தாழ்மையுடன் அறியத்தருகிறோம்.

குரற்பதிவு வந்த மறுநாளே பேர்னிலிருந்து அழைத்து, ‘ஐயா, நாங்கள் மூன்றாம் தரமும் வாறம்’ என்று சொன்ன குடும்பத்தையும், லண்டனிலிருந்து ஒவ்வொரு வருடமும் பேரப்பிள்ளைகளோடு வருகின்ற அம்மாவையும் நினைக்கும்போது சொற்கள் போதவில்லை. அந்த அம்மா கொண்டு வரும் பருத்தித்துறை வடையை நம்பித்தான் எங்கள் தேநீர் இதுவரை மானத்தோடு இருந்தது. உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

குரல் கொடுத்தவருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் விரும்பினால் கட்டணம் இல்லாமல் இன்னொரு முறை வாருங்கள்; கொனன் டொயிலின் கட்டுரைப் பிரதியை எடுத்து வைத்திருக்கிறேன், உங்கள் கையிலேயே தருகிறேன்.

வழமைபோல் காலை 10 மணிக்கு, முறுக்கிய கோபுரமுடைய சென்ற் யோகான் தேவாலயத்தின் முன்னால் சந்திப்போம். நல்ல பிடிமானமுள்ள சப்பாத்துப் போட்டு வாருங்கள். புதிய தேநீர்ப் போத்தல் வாங்கியாயிற்று.

இப்படிக்கு,
உரிமையாளர்,
டாவோஸ் பிளாட்ஸ்