கூலியில்லாத தோட்ட வேலைக்குக் கிளம்பும் மருமகளுக்கு

அன்புள்ள கயல்விழிக்கு,

ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் படிப்பை முடித்த கையோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய், அங்கே இயற்கைப் பண்ணைகளில் தங்கி வேலை செய்துகொண்டே ஊர் சுற்றப் போவதாக நீ சொன்ன நாளிலிருந்து, உன் அப்பா என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்: "இங்க மல்லிகை பறிக்க ஆள் கிடைக்காம அல்லாடுறேன், இவ பிளேன் ஏறிப் போயி அடுத்தவன் தோட்டத்துல சும்மா வேலை பார்க்கணுமா மாப்பிள்ளை?" கேள்வி நியாயமானதுதான். 'அனுபவம் கிடைக்கும்' என்று நீ சொன்ன பதில் அதற்குப் போதாது. உன் கல்லூரியில் இதே யோசனையோடு இருக்கும் பிள்ளைகள் இன்னும் சிலர் உண்டு என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

1971-இல் லண்டனில் செயலாளராக வேலை பார்த்த சூ கோப்பார்ட் என்ற பெண்மணி, நகரத்தில் அடைபட்டுக் கிடப்பவர்கள் வாரக் கடைசியிலாவது மண்ணைத் தொடட்டும் என்று சஸ்ஸெக்ஸ் பகுதிப் பண்ணை ஒன்றில் தொடங்கிவைத்ததுதான் இன்று பல நாடுகளில் நடக்கும் 'வூஃப்' (WWOOF) ஏற்பாடு. பெரும்பாலும் நாளொன்றுக்கு 4 முதல் 6 மணி நேரம் வேலை, அதற்கு ஈடாகச் சாப்பாடும் படுக்கையும், பணம் கைமாறுவதில்லை. களத்துமேட்டில் நெல்லாகக் கூலி வாங்கியவர்களை நேரில் பார்த்து வளர்ந்த உன் அப்பாவுக்கு இது புரியாத கணக்கல்ல. ஆனால் நெல் அளக்கும் மரக்காலின் அளவு தெரியாமல் களத்தில் இறங்கக் கூடாது என்பதும் அவருக்குத் தெரியும்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நான் படித்த காலத்தில், விடுமுறையில், நியூ சவுத் வேல்ஸின் வடக்கே ஒரு சிறு பண்ணையில் தங்கியிருந்தேன். மக்கடேமியா கொட்டைகள் பழுத்துத் தாமாகவே உதிரும். காலையில் குனிந்து அவற்றைப் பொறுக்கி, பச்சை மட்டையை நீக்கி, உலரப் போடுவோம். அந்த வீட்டு அம்மாளும் எங்களோடு குனிந்து பொறுக்குவார். மரத்தடியில் பரப்பும் இலைதழை மூடாக்கை ஏன் தண்டை ஒட்டிப் போடக் கூடாது என்பதைக் கையால் விலக்கிக் காட்டித்தான் சொல்லிக்கொடுத்தார். மதியத்துக்கு மேல் எங்கள் நேரம் எங்களுக்கு. அந்த வீட்டுக்கு மழைநீர்த் தொட்டியை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது என்பதால் குளியலைச் சட்டென்று முடிக்க வேண்டும். குடத்தோடு குடிதண்ணீர் லாரிக்குக் காத்து நின்று வளர்ந்தவனுக்கு அதில் சிரமம் ஒன்றும் தெரியவில்லை. வேறொரு பழத்தோட்டத்திலோ, சந்தைக்குப் போக வேண்டிய பெட்டிகளை அந்தி சாயும் வரை எங்களை வைத்தே நிரப்பிவிட்டு, ரொட்டியும் டப்பா அவரையும் கொடுத்தார்கள். அது பண்டமாற்று அல்ல, கூலியை மிச்சம் பிடிக்கும் வழி. முதலாளி கூடவே நின்று வேலை செய்யும் சின்ன இடமாகப் பார். பெரிய தோட்டத்தில் பறிப்பு வேலை என்றால் சம்பளம் கேள்.

அடுத்தது விசா. சுற்றுலா விசாவில் போய்ச் சமாளித்துவிடலாம் என்ற உன் யோசனையை விட்டுவிடு. காசு வாங்காவிட்டாலும் சோறும் இடமும் கிடைப்பதால் பக்கத்து நாடான நியூசிலாந்து இதை வேலை என்றே கணக்கில் எடுக்கிறது. ஆஸ்திரேலியாவைப் பொறுத்தவரை உனக்கு நேர்வழியே இருக்கிறது: 2024 முதல் 18 வயதிலிருந்து 30 வயது வரையுள்ள இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 1,000 பேர் என்ற கணக்கில் 'வேலையும் விடுமுறையும்' விசா, அதாவது 462-ஆம் பிரிவு, குலுக்கல் முறையில் தரப்படுகிறது. ஆனால் இரண்டாம் ஆண்டுக்கும் அதே விசா வேண்டுமென்றால், குறிப்பிட்ட பகுதிகளில் மூன்று மாதம் சம்பளத்துக்கு வேலை பார்த்திருக்க வேண்டும். இப்படிச் சம்பளமில்லாத பண்ணை வேலை அதில் சேராது. ஆகவே முதல் சில வாரங்கள் மட்டும் சும்மா உழைத்துக் கற்றுக்கொண்டு, பிறகு சம்பள வேலைக்கு மாறிவிடுவதே புத்திசாலித்தனம்.

விமான நிலையத்துச் சங்கதி ஒன்றைப் பெரும்பாலானோர் சொல்வதில்லை. ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது தரும் படிவத்தில், கடந்த 30 நாளில் பண்ணைக்கோ கால்நடைகளிடமோ போனாயா என்று கேட்பார்கள். பாலமேட்டு வீட்டில், கட்டுத்தறியில் ஜல்லிக்கட்டுக் காளையைத் தடவிக்கொடுத்துவிட்டுக் கிளம்பும் நீ 'ஆம்' என்றே எழுத வேண்டும். 1872-க்குப் பிறகு அந்த நாட்டு மாடுகளுக்குக் கோமாரி வந்ததில்லை. நம் ஊரில் அது இருந்துகொண்டே இருக்கிறது. செருப்பில் ஒட்டிய சாணி போதும் அதைக் கொண்டு சேர்க்க. தோட்டத்துக்குப் போட்ட செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு, பூட்ஸை அங்கே போய் வாங்கிக்கொள். உன் அம்மா, என் அக்கா, ஆசையாகக் கட்டித்தரும் புதுக் கறிவேப்பிலையையும் விதைப் பொட்டலத்தையும் பையிலிருந்து எடுத்துவிடு. அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

குலுக்கலுக்குப் பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். அதை நான் கட்டுகிறேன். உன் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று பார்த்து எழுது. அதுவரை விடியற்காலையில் அப்பாவோடு மல்லிகை பறிக்கப் போ. அவர் கேட்பதில் பாதி அதுதான்.

அன்புடன்,
மாமா