பழைய கேம்பர் வண்டியின் சுவரையும் தரையையும் மூடுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றில் நெடுங்காலமாக நின்றிருந்த பழைய கேம்பர் டிரெய்லரை (படுக்கையும் அடுப்பும் வைத்து, காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வண்டி) அதன் உரிமையாளர்கள் இரண்டே நாட்களில் விருந்தினர் அறையாக மாற்றியது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எடைக்குப் போயிருக்க வேண்டிய வண்டியை மீட்டெடுத்த அந்தக் குடும்பத்தின் முயற்சி பாராட்டத்தக்கது. ஆனால், பழைய சுவரின் மேலேயே வால்பேப்பரை ஒட்டி, பழைய தரையின் மேலேயே வினைல் என்னும் பிளாஸ்டிக் பலகைகளைப் பதித்துவிட்டால் வேலை முடிந்தது என்று அக்கட்டுரை மற்றவர்களுக்கும் கூறியிருந்த யோசனையை மறுத்து எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. அதே தவற்றை நானும் ஒருமுறை செய்து, அதன் விளைவை என் கையாலேயே பிரித்தெடுத்துப் பார்த்திருக்கிறேன்.

சேலத்தில் பேருந்துகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் 31 ஆண்டுகள் உள்வேலைத் தச்சனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதன் பிறகு சேர்வராயன் மலையிலும் சுற்றுப்புறத்திலும் இதுவரை ஆறு இழுவை வண்டிகளைப் பிரித்துச் சீரமைத்திருக்கிறேன். பேருந்து வேலையில் பழகியவர்கள் முதலில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பேருந்தின் எலும்புக்கூடு இரும்பு; அதில் தண்ணீர் இறங்கினால் துரு ஏறுவதற்கு ஆண்டுகள் ஆகும். பழைய கேம்பர் வண்டிகள் பெரும்பாலானவற்றில் எலும்புக்கூடே மெல்லிய மரச்சட்டம்தான். வெளியே அலுமினியத் தகடு, உள்ளே 3 மில்லிமீட்டர் அளவுக்கே பருமனுள்ள பிளைவுட், இரண்டுக்கும் நடுவே வெப்பம் தடுக்கும் பஞ்சோ தெர்மாகோலோ இருக்கும். தச்சர் கையால் ஒட்டிய தாள் என்று நாம் நினைக்கும் பூப்போட்ட வால்பேப்பர், உண்மையில் தொழிற்சாலையிலேயே அந்தப் பிளைவுட்டின் முகத்தில் அழுத்தி ஒட்டப்பட்ட தோல். ஆகவே அதில் ஒரு கொப்புளம் எழுந்தால், பசை விட்டுவிட்டது என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. பின்னாலிருக்கும் பலகை ஈரம் குடித்திருக்கிறது என்பதற்குப் பெரும்பாலும் அதுவே முதல் அடையாளம்.

நான் செய்த முதல் வண்டி நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் நின்றிருந்தது. இங்கிலாந்தில் கட்டப்பட்டது, பல கை மாறி அங்கே வந்து சேர்ந்திருந்தது. தோட்டத்து அம்மா என்னிடம், “அண்ணே, கோடை விழாவுக்குள்ள முடிச்சுக் கொடுத்துட்டாப் போதுங்க, உள்ள பார்க்க லட்சணமா இருக்கணும்” என்றார். சன்னலுக்குக் கீழே தாள் உப்பியிருந்ததையும், படுக்கை மூலையில் கால் வைத்தால் தரை லேசாக உள்வாங்கியதையும் நான் கவனிக்கத்தான் செய்தேன். இருந்தும் உப்பியதைக் கீறி, பட்டி பார்த்து, மேலே வினைல் பூச்சுள்ள வால்பேப்பரை ஒட்டினேன்; தரையில் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் வினைல் பலகைகளை விரித்தேன். மே மாதத்தில் வண்டி புதுமணப் பெண் போல இருந்தது.

நவம்பரில் அந்த அம்மா அழைத்தபோது, உள்ளே நுழைந்ததுமே நனைந்த சாக்கின் வாடை அடித்தது. மூலையில் தாளைப் பிடித்து இழுத்தேன். பாலாடை போல முழுதாகக் கையோடு வந்தது. அதன் முதுகெங்கும் கறுப்புப் பூசணம். பின்னாலிருந்த பிளைவுட்டில் சன்னலின் கீழ் விளிம்பிலிருந்து தரைவரை, தேநீர் சிந்தியது போன்ற பழுப்புக் கறை விரிந்துகொண்டே போயிருந்தது. அந்தக் கறையின் அடிப்பகுதியில் குத்தூசியை வைத்து அழுத்தினேன். மழையில் நனைந்த வறட்டியில் இறங்குவது போலக் கைப்பிடிவரை இறங்கியது. தரைப் பலகைகளைத் தூக்கினால் அடியிலிருந்த பிளைவுட்டைக் கரண்டியால் வழித்தெடுக்கலாம் என்ற நிலை. மேலே விரித்த வினைலில் மட்டும் பளபளப்பு குறையவே இல்லை. நான் வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த வண்டியை அடிச்சட்டத்திலிருந்து மீண்டும் கட்டினேன். இப்போது எழுதுவதெல்லாம் அந்த இரண்டாவது முறையில் கற்றது.

இது நேரக் காரணம் இரண்டு. முதலாவது, வெளியிலிருந்து வரும் நீர். சன்னல் சட்டம், கூரையின் இணைப்பு, காற்றுப்போக்கி, மூலைகளை மூடும் அலுமினியப் பீடிங் ஆகிய நான்கு இடங்களில்தான் ஒழுக்கு பெரும்பாலும் தொடங்கும். சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவ்வளவு வளைவுகளில் இழுக்கப்படும் வண்டியின் உடல் ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், காய்ந்து இறுகிய பழைய பசை அந்த முறுக்கலில் விரிசல் விடும். இரண்டாவது, உள்ளிருந்தே வரும் நீர். மூடிய அறையில் உறங்கும் ஒருவரின் மூச்சிலும் தோலிலும் இருந்து ஓர் இரவில் ஏறக்குறைய கால் லிட்டர் நீர் ஆவியாக வெளியேறுகிறது. நால்வர் படுத்தால் ஒரு லிட்டர். டிசம்பர் மாதப் பனிமூட்டத்தில் குளிர்ந்திருக்கும் அலுமினியத் தகட்டை அந்த ஆவி எட்டும்போது முத்து முத்தாக வியர்த்து உள்ளுக்குள் வழியும். காகிதத் தாளாவது கொஞ்சம் சுவாசிக்கும். வினைல் தாள் ஈரத்தைப் பலகைக்குள்ளேயே அடைத்துவைக்கும், அதன் அடியிலுள்ள மாவுப் பசையோ பூசணத்துக்கு உணவாகும்.

எனவே சுவர்த்தாளையும் தரையையும் பற்றிப் பேசுவதற்கு முன்பு ஒழுக்கைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் உள்ளே டார்ச்சுடன் அமர்ந்திருக்க, மற்றவர் வெளியே நீர்க்குழாயைப் பிடித்துக் கீழிருந்து மேலாக ஒவ்வோர் இணைப்பாக நனைத்துக்கொண்டே வரவேண்டும். மேலிருந்து தொடங்கினால் நீர் எங்கும் வழிந்து, எந்த இடம் கசிகிறது என்பது தெரியாமல் போய்விடும். கசியும் சன்னலின் ஓரத்தில் சிலிக்கானைப் பிதுக்கிப் பூசுவது அந்த மழைக்காலத்துக்குக்கூடத் தாங்காது, ஏனென்றால் பழைய பசையின் மேல் புதிய சிலிக்கான் ஒழுங்காகப் பிடிப்பதில்லை. சன்னலை முழுதாகக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, சட்டத்தின் பின்புறம் பியூட்டைல் என்னும் பிசுபிசுப்பான ரப்பர் பட்டையைச் சுற்றி ஒட்டி, புதிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகுகளால் இறுக்க வேண்டும். ஒரு சன்னலுக்கு அரைநாள் ஆகும். இரண்டு நாளில் முடிந்த வேலையில் இது நடந்திருக்க வழியில்லை என்பதே என் கவலைக்கு முதற்காரணம்.

சுவரில் உறுதியாக இருக்கும் பகுதியில் பழைய தாளை உரிக்க முயலவே கூடாது என்பது என் கருத்து. நீராவி காட்டியோ தண்ணீர் தெளித்தோ உரித்தால் தாளோடு பிளைவுட்டின் மேல் ஏடும் பிய்ந்து வந்துவிடும். 3 மில்லிமீட்டர் பலகையில் ஓர் ஏடு போனால் மிச்சம் ஒன்றுமில்லை. சோப்பு நீரால் எண்ணெய்ப் பிசுக்கு நீங்கத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் உப்புத்தாளால் பளபளப்பு போகும் அளவுக்கு மட்டும் மெதுவாகத் தேய்த்து, நன்கு பற்றும் பிரைமர் ஒரு கை அடித்துவிட்டால் பெயின்ட் அடிக்கலாம்; வேண்டுமானால் காகிதவகை வால்பேப்பரும் ஒட்டலாம். தானே ஒட்டிக்கொள்ளும் ஸ்டிக்கர் வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்காட்டுக் குளிரில் பிடித்திருக்கும் அந்தப் பசை, வண்டி சேலத்துச் சித்திரை வெயிலில் ஒரு நாள் நின்றால் இளகி ஓரங்கள் சுருண்டுவிடும். ஊறிப்போன பகுதியைப் பொறுத்தவரை சமரசத்துக்கே இடமில்லை. உறுதியான மரம் கைக்குத் தட்டுப்படும்வரை வெட்டியெடுத்து, உள்ளே இருக்கும் சட்டத்தையும் மாற்ற வேண்டும். தோட்டத்துக்காரர்கள் பலர், நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரம் தங்களிடமே இருக்கிறதே, அதையே அறுத்துச் சட்டம் போடலாமே என்று கேட்கிறார்கள். அது இலகுவான மரம்தான், ஆனால் ஈரத்துக்கும் பூச்சிக்கும் விரைவில் இரையாகிவிடும். பூச்சி மருந்து ஏற்றாத சில்வர் ஓக்கை நான் சுவருக்குள் வைப்பதில்லை.

தரையைப் பற்றிச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையை முன்வைக்கிறேன். 1980களுக்கு முன்பு மேல்நாடுகளில் செய்யப்பட்ட வண்டியானால், பழைய தரைவிரிப்பின் அடித்தாளிலோ பசையிலோ ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் கலந்திருக்க வாய்ப்புண்டு. அதை உப்புத்தாளால் தேய்ப்பதும் மிஷின் வைத்துச் சுரண்டுவதும் அந்த நாரைக் காற்றில் பறக்கவிட்டு நுரையீரலுக்கு அனுப்பும் வேலை. அது உறுதியாக ஒட்டியிருந்து, அடியிலுள்ள பலகையும் நன்றாக இருந்தால், கிளறாமல் அதன் மேலேயே மூடுவது நல்லது. பழைய தரையை மூடலாம் என்று நான் ஒப்புக்கொள்ளும் ஒரே இடம் அதுதான். அதுவும் குத்தூசியால் ஓரங்களிலும், சக்கரவளைவைச் சுற்றியும், வாசற்படியருகிலும் சாணுக்கு ஒரு குத்து குத்திப் பார்த்த பிறகே.

பலகை கெட்டிருந்தால் மாற்றுவதற்கு ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள, ஈரம் தாங்கும் மெரைன் பிளைவுட்டைத்தான் கேட்டு வாங்க வேண்டும். 72 மணி நேரம் கொதிநீரில் வைத்தாலும் ஏடு பிரியக் கூடாது என்பது அந்தத் தரத்தின் சோதனை. வெட்டிய ஓரங்களில் நீர் புகாமல் தடுக்கும் எபாக்சிப் பிசின் தடவாமல் பொருத்தினால் அந்தத் தரமும் வீண். உள்ளிருக்கும் அலமாரிகளையும் படுக்கைப் பெட்டிகளையும் ஒரே மூச்சில் பிடுங்கிவிடக் கூடாது. இவ்வண்டிகளில் முதலில் தரை, அதன் மேல் அலமாரி, அதைத் தாங்கலாகக் கொண்டு சுவர் என்ற வரிசையில் கட்டியிருப்பார்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் சுவர் கோணிக்கொள்ளும். ஒரு பக்கம் எடுத்து, முடித்து, ரசமட்டம் பார்த்த பின் மறுபக்கம் போக வேண்டும்.

மேல்விரிப்புக்கு, ஒரே துண்டாகக் கிடைக்கும் 2 மில்லிமீட்டர் வினைல் ஷீட்டே என் தேர்வு. பூட்டுப் பலகைகளைத்தான் போட வேண்டும் என்றால் சுற்றிலும் இடைவெளி விட்டு, பீடிங்கால் மறைக்க வேண்டும். 5 மீட்டர் நீளத்துக்குப் பதித்த வினைல் (பி.வி.சி.) 30 டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நீளக்கூடியது. இடமில்லாவிட்டால் நடுவில் எழும்பிவிடும். எடையும் இதில் சேரும். 10 சதுர மீட்டர் தரைக்கு வினைல் ஷீட் 30 கிலோவுக்குள் முடியும். கெட்ட பலகையை அப்படியே விட்டு அதன் மேல் 12 மில்லிமீட்டர் பிளைவுட் அடித்தால் 70 கிலோ கூடும். சிலர் விரும்பிக் கேட்கும் டைல்ஸ் பதித்தால் 200 கிலோ. அந்த எடை முழுவதும் மலை இறங்கும்போது பிரேக்கின் மேல் உட்காரும். வண்டியின் பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக மாற்றம் செய்வதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும் உரிமையாளர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

கடைசியாகச் சொல்ல வேண்டியதே, இக்கடிதத்தைத் தாமதிக்காமல் எழுதத் தூண்டியது. தங்கள் கட்டுரையின் இரண்டாவது படத்தில் அடுப்பும், அதன் கீழ் எரிவாயு உருளையும் தெரிகின்றன. தரைப் பலகைகள் இடைவெளி எதுவுமின்றி அந்தச் சுவர்வரை ஓடுகின்றன. நாகலூர் வண்டியைப் போலவே இதுவும் இங்கிலாந்து வேலைப்பாடாகத் தோன்றுகிறது. அவ்வகை வண்டிகளில் அடுப்புக்கு அருகே தரையில் கம்பிவலை போட்ட ஒரு துவாரம் இருப்பது வழக்கம். சமையல் எரிவாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். அது வெளியேறுவதற்காகவே அந்தத் துவாரம். எலி வரும், குளிர் வரும் என்று அதை அடைப்பதும், தெரியாமல் தரைவிரிப்பால் மூடுவதும் உறங்குபவர்களின் உயிரோடு விளையாடுவதாகும். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், உள்ளே கொண்டுவந்திருந்த எரிவாயு உருளையால் தீப்பற்றி 9 பேர் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க முடியாது. அதுவும் தூங்கிச் சமைத்துச் செல்லும் குறுகிய பெட்டிதான்.

ஆகவே தாங்கள் இக்கடிதத்தை வெளியிட இடமில்லை என்றாலும், தரைத் துவாரம் பற்றிய பகுதியையாவது அக்குடும்பத்தாருக்குத் தொலைபேசியில் தெரிவித்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அடுப்பின் கீழுள்ள இரண்டு பலகைகளை மட்டும் தூக்கிப் பார்த்தால் போதும். அதுவரை அந்த உருளையை வண்டிக்கு வெளியே வைத்திருக்கச் சொல்லுங்கள். அவர்கள் விரும்பினால், நானே குத்தூசியுடனும் நீர்க்குழாயுடனும் மலையேறி வந்து, கூலி எதுவும் பெறாமல் ஒரு நாள் முழுக்க உடனிருந்து பார்த்துக் கொடுக்கிறேன். என் முகவரி தங்கள் அலுவலகத்தில் உள்ளது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகன்,
ஓய்வு பெற்ற பாடிப் பட்டறைத் தச்சன்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.