போ என்றுதான் சொல்வேன், ஆனால்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு அந்தத் தனியார் ஆய்வு நிறுவனத்துக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். போ என்றுதான் சொல்வேன். ஆனால் கையெழுத்துப் போடும் முன் சிலதைக் கேட்டுக்கொள்.

இங்கே என் பாடு பழையபடிதான். இன்குபேட்டருக்கு ஒரு உதிரிபாகம் வாங்க மூன்று கொட்டேஷன், அதற்கொரு கமிட்டி. கோப்பு சுற்றி வருவதற்குள் மாணவி வளர்த்த செல்கள் எல்லாம் செத்துப்போயின. பாவம், அழுதேவிட்டாள். அமெரிக்காவில் 2018இல் எடுத்த கணக்கெடுப்பில், மத்திய அரசு நிதியில் நடக்கும் ஆய்வுகளுக்கான தங்கள் நேரத்தில் சுமார் 44 சதவீதம் விண்ணப்பத்துக்கும் அறிக்கைக்கும் நிர்வாகத்துக்குமே போகிறது என்று ஆய்வாளர்கள் சொன்னார்களாம்.

படிவங்களைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்ன கண்டுபிடிக்கப் போகிறோம் என்று நிதி தருகிறவர்கள் முன்கூட்டியே எழுதித் தரச் சொல்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை. விஞ்ஞானி மேக்ஸ் பெருட்ஸ், ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினைக் கையில் எடுத்தது 1937இல். அதன் வடிவம் தெரியவந்தது 1959இல். படிகத்தின் எக்ஸ்ரே படங்களிலிருந்து மூலக்கூறின் வடிவத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதற்கே நெடுங்காலம் வழி பிடிபடவில்லை. பாதரச அணுக்களை அந்த மூலக்கூறில் ஒட்டவைத்துப் பார்க்கும் உத்தி 1953இல்தான் கைகொடுத்தது. அதுவரையான வருடங்களுக்கு இன்றைய ஆண்டறிக்கையில் அவர் என்னதான் எழுதியிருப்பார்? பின்னாளில் கேம்பிரிட்ஜின் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தை நடத்தியபோதும் அவர் இயக்குநர் பட்டம் வைத்துக்கொள்ளவில்லை. தலைவர் என்ற பெயரோடு தன் ஆய்வையும் விடாமல் செய்தார்.

அமெரிக்காவின் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம் திட்டத்தைப் பார்க்காமல் ஆளை நம்பிப் பணம் தருகிறது. அவர்களிடம் நிதி பெற்றவர்களை அதே தகுதியுள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டு 2011இல் ஒரு ஆய்வு வந்தது. பெரிதாகப் பேசப்பட்ட கட்டுரைகள் இவர்களிடம் அதிகம். எடுபடாமல் போனவையும் அதிகம். அந்த இரண்டாவது செய்திதான் எனக்கு நம்பிக்கை தந்தது. தோற்க இடம் கிடைத்ததால்தானே புதிய பக்கம் போயிருக்கிறார்கள்.

யாருமே கேள்வி கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அடுத்தவர் பணம், கணக்குக் கேட்கத்தான் வேண்டும். ஆய்வு வேலை தெரிந்தவர்கள், சில வருடம் பொறுத்து வந்து கேட்கட்டும்.

அதனால் அங்கே கேள்: நிதி எத்தனை வருடத்துக்கு உறுதி? பணம் போடுகிறவருக்கு மனம் மாறினால் உன் குழுவில் இருக்கும் மாணவர்கள் கதி என்ன? பாதியில் திசை மாற்ற யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? பதிலை வாய்வார்த்தையாக விடாமல் எழுத்தில் வாங்கு. அப்புறம் அந்த ஒப்பந்தத்தை எனக்கும் அனுப்பு, இருவரும் சேர்ந்து படித்துப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய ஆய்வகத் தோழன்