ரிவால்வர் பழுதுக்காக நான்கு முறை அலையவைத்தது தொடர்பான புகார்

அனுப்புநர்: உங்கள் .32 ரிவால்வர் வாடிக்கையாளர், தாண்டிக்குடி, திண்டுக்கல் மாவட்டம்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.
பொருள்: தேய்ந்த பாகத்தை மாற்றித் தராமல் அலைக்கழித்தது, சட்டத்துக்குப் புறம்பான யோசனை சொன்னது.

ஐயா,

வணக்கம். போன மாதம் 22ஆம் தேதி உங்கள் சென்னை சர்வீஸ் கவுண்டரில் இருந்த இளைஞர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சார், இதை வச்சு சுடவா போறீங்க? பீரோவுலதானே கிடக்கப் போகுது. உங்க ஊர் லேத் பட்டறையில குடுத்து ஒரு ராவு ராவிக்குங்க, சரியாயிடும்."

நான் ராணுவத்தில் தளவாடங்களைப் பழுது பார்க்கும் இ.எம்.இ. பிரிவில் 17 வருடம் ஆர்மரராக, அதாவது ஆயுதம் சரிசெய்பவனாக வேலை பார்த்தவன். எத்தனை ஆயுதத்தைப் பிரித்து மாட்டியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. தேய்ந்த பாகம் எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரம், அதாவது தோட்டா போடும் சிலிண்டரின் பின்னால் பற்களோடு இருக்கும் சின்ன இரும்பு. அதை மாற்ற எனக்குக் கை தெரியும். ஆனாலும் மாற்றவில்லை. ஏன்? 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைத் தொழிலாக ரிப்பேர் செய்யக் கூடாது என்கிறது. துப்பாக்கியின் பாகமும் சட்டப்படி துப்பாக்கிதான். அதை ஹார்டுவேர் கடையில் வாங்க முடியாது, லேத் பட்டறையில் கடைந்து வாங்கவும் முடியாது. இது துப்பாக்கி செய்து விற்கும் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. உங்கள் கம்பெனி பனியன் போட்ட ஆள், உரிமம் வைத்திருக்கும் என்னைக் குற்றம் செய்யச் சொல்லி அனுப்புகிறார். அன்று இரவு கோயம்பேட்டில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விஷயம் இதுதான். 2019இல் 1,15,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். எஸ்டேட்டில் கூலி நாளன்று பணத்தோடு மலைப்பாதையில் தனியாக வருபவன் நான். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்காக எல்லோரையும் போல நானும் ஸ்டேஷனில் ஒப்படைத்து, ஜூனில் திரும்ப வாங்கினேன். ஜூலையில் ரைஃபிள் கிளப் ரேஞ்சில் பழைய தோட்டாக்களைச் சுட்டுத் தீர்க்கும்போது பக்கத்து லேனில் நின்றவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். ஈயச் செதில். சிலிண்டர் அறை குழலுக்கு நேராக நிற்காவிட்டால் குண்டு இப்படிச் சீவித் தெறிக்கும். கடுகளவுதான், ஆனால் கண்ணுக்கு இரண்டு விரல் கீழே. ரேஞ்ச் அதிகாரி உடனே நிறுத்தச் சொன்னார். சுட்ட தோட்டாக் கூடுகளை எடுத்துப் பார்த்தால் இரண்டில் ஃபயரிங் பின் குத்திய குழி நடுவில் இல்லை, ஓரத்தில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, சிலிண்டரில் தோட்டா போடும் ஆறு அறையும் காலி என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்த்தேன். அப்புறம் சிலிண்டரில் விரலை லேசாக அழுத்திக்கொண்டே பின்னால் இருக்கும் சுத்தியலை, அதாவது ஹேமரை மெதுவாக இழுத்தேன். ஹேமர் கடைசி வரை வந்து நின்றுவிட்டது, சிலிண்டர் பூட்டவில்லை. விரலால் ஒரு தள்ளு தள்ளிய பிறகுதான் 'டிக்' என்றது. சாக்பீஸால் குறித்து ஆறையும் பார்த்தேன். மூன்றும் ஐந்தும் மட்டும்தான் இப்படி. ஆறும் பிந்தினால் சிலிண்டரைத் தள்ளும் ஹேண்ட் தேய்ந்திருக்கிறது என்று சொல்லலாம். இரண்டு மட்டும் பிந்தினால் முதலில் எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்தின் பற்களைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, ரிவால்வரோடு உங்கள் கவுண்டரில் கொடுத்தேன்.

என்ன செய்தீர்கள்? மெயின் ஸ்பிரிங்கை மாற்றி 2,800 ரூபாய் பில் போட்டு, 'சரிபார்க்கப்பட்டது' என்று சீட்டு ஒட்டி அனுப்பினீர்கள். ஸ்பிரிங் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! மூன்றாவது அறையும் ஐந்தாவது அறையும் போன மாதிரியே திரும்பி வந்தன. என் தாளைக்கூட யாரும் பிரிக்கவில்லை, நான் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. அந்தச் சீட்டை நம்பி யாராவது சுட்டிருந்தால்? பக்கத்தில் நிற்பவர் கண் போயிருந்தால் யார் பொறுப்பு?

அதற்கு முந்திய பயணத்தில் "ஸ்டேஷன்ல வச்சப்போ கெட்டிருக்கும்" என்றார்கள். ஒப்படைக்கும் முன் எண்ணெய் போட்டுத் துடைத்து, தோல் உறை ஈரம் பிடிக்கும் என்று துணியில் சுற்றிக் கொடுத்தவன் நான். ஒரு துளி துரு இல்லை. பையில் கிடந்த துப்பாக்கிக்குப் பல் எப்படித் தேயும்? அதே நாள், ரசீது கேட்டதற்கு "நாளைக்கு வாட்ஸ்அப்ல அனுப்புறோம் சார்" என்றார்கள். ஆயுதத்தை வாங்கினால் பதிவேட்டில் எழுத வேண்டும், கையில் ரசீது தர வேண்டும். அதற்கே இரண்டு மணி நேரம் நின்று வாதாடினேன். உட்கார ஒரு நாற்காலி இல்லை, எனக்கு வயது 61.

தாண்டிக்குடியிலிருந்து சென்னை போய்வர ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். நான்கு தடவை. பெட்டியில் பூட்டி, உரிமப் புத்தகத்தோடு, வழியில் எங்கும் இறங்கித் தூங்கக்கூட முடியாமல் காரில் வந்தேன். கடைசிப் பயணம் காப்பிப் பழம் எடுக்கும் சமயம். நான் இல்லாத மூன்று நாளில் பழம் உதிர்ந்து, களத்தில் கிடந்ததும் மழையில் நனைந்து, இந்த வருட வெள்ளாமையே போய்விட்டது. அலைச்சல், நஷ்டம், மன உளைச்சல் எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்துக்குக் குறையாது. வாரண்டி முடிந்தது எனக்கும் தெரியும். இலவசமாகக் கேட்கவில்லை ஐயா, பாகத்துக்கும் கூலிக்கும் பணம் தருகிறேன் என்று முதல் நாளே சொன்னேன். "ஸ்பேர் ஸ்டாக் இல்லை" என்கிறீர்கள். கட்டைவிரல் நகத்தளவு இரும்பு. புது ரிவால்வர் விற்க மட்டும் எங்கிருந்து வருகிறது?

உங்கள் தொழிற்சாலையில் வேலை தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று இன்னமும் நம்புகிறேன். அவர்களில் ஒருவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுங்கள், அதுதான் என் வேண்டுகோள். 15 நாளுக்குள் நட்சத்திரத்தையும் ஹேண்டையும் பொருத்திப் பார்த்து, ஆறு அறைக்கும் தனித்தனியாகச் சோதித்த விவரத்தை ஆர்மரர் கையெழுத்தோடு தர வேண்டும். ஸ்பிரிங்குக்கு வாங்கிய 2,800 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். அந்தக் கவுண்டர் தம்பியை வேலையை விட்டு நீக்கச் சொல்லவில்லை. ஆயுதச் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியும் வரை அவரை அங்கே உட்கார வைக்காதீர்கள்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி திண்டுக்கல் மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடுவேன். லேத் பட்டறை யோசனையை நாள், நேரத்தோடு எழுதி மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புவேன். அன்று கூட இருந்த என் மைத்துனர் சாட்சி சொல்வார்.

ரிவால்வர் இப்போது வெறுமையாகப் பூட்டிய பெட்டியில் இருக்கிறது. சனிக்கிழமை கூலிப் பணத்தை மைத்துனரைத் துணைக்கு வைத்துக்கொண்டு எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: விலை ரசீது, ஸ்பிரிங் பில், பிரிக்கப்படாத என் தாளின் நகல், சாக்பீஸ் குறியிட்ட சிலிண்டரின் படம்.