வீணையைத் தூக்கிவந்த தெருவுக்கு

செல்லூர், மதுரை
தை 2025

எங்கள் தெருவில் உள்ள அனைவருக்கும், பக்கத்துத் தெருக்களிலிருந்து ஓடிவந்தவர்களுக்கும் வணக்கம்.

பொங்கலன்று காலையில் நம் இசைப்பள்ளி வாசலில் மறுபடியும் கோலம் விழுந்தது. பாய் விரித்து, சுருதிப் பெட்டியைப் போட்டதும் பிள்ளைகள் மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் பாடமான சரளி வரிசையை ஆரம்பித்தார்கள். கூடச் சேர்ந்து பாட எனக்குக் குரல் வரவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது. அன்று வாயால் சொல்ல முடியாததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

2024 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு ஆறே நாள் இருந்தது. பிற்பகலில் பிடித்த மழை விடாமல் கொட்டியதில் பந்தல்குடி கால்வாய் பெருகி, தண்ணீர் நம் வீடுகளுக்குள் வந்தது. நான் வைகைக்கு அந்தப் பக்கம், சிம்மக்கல்லில் மாட்டிக்கொண்டேன். பள்ளிக் கூடமோ தெருவைவிட ஒரு படி தாழ்வானது. உள்ளே இரண்டு வீணை, ஆறு மிருதங்கம், ஓர் ஆர்மோனியம், அலமாரியின் கீழ்த்தட்டில் பிள்ளைகளின் பாட்டு நோட்டுகள். எல்லாம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

அன்று நான் யாரையும் கூப்பிடவில்லை. இஸ்திரிக் கடை அண்ணன் தானாகவே வீட்டுக்கார அம்மாவிடம் மாற்றுச் சாவி வாங்கிக் கதவைத் திறந்திருக்கிறார். முழங்காலுக்கு மேல் தண்ணீர். கல்லூரி படிக்கும் தம்பிகள் இருவர் என் குருநாதர் எனக்குக் கொடுத்த ஏகாண்ட வீணையை, ஒருவர் குடத்தையும் ஒருவர் யாளி முகத்தையும் பிடித்துக்கொண்டு, தலைக்கு மேல் தூக்கியபடி தெருவைக் கடந்தார்களாம். குடம், நீண்ட கழுத்தான தண்டி இரண்டும் ஒரே பலாக் கட்டையில் குடைந்தெடுத்த வீணை அது. தம்பிகளின் வீட்டிலேயே அந்த நேரத்தில் அடுப்படி வரைக்கும் தண்ணீர் நின்றது. அதை விட்டுவிட்டு இதற்கு வந்தார்கள் என்பதை அவர்கள் அம்மா சொல்லித்தான் நான் அறிந்தேன். அம்மா, உங்கள் பிள்ளைகளை நன்றாக வளர்த்திருக்கிறீர்கள்.

எதிர்வீட்டு நெசவாளர் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பண்டிகை நேரத்தில், மாடியில் தறிக்குப் பக்கத்தில் இருந்த இடத்தை ஒழித்து எல்லா வாத்தியங்களையும் அங்கே வைத்துக்கொண்டார். மறுநாள் வெயில் வந்ததும் நான் வீணையை மொட்டைமாடிக்குக் கொண்டுபோகப் பார்த்தேன். “வேண்டாம் அம்மா. நூலானாலும் மரமானாலும் நிழலில்தான் காய வேண்டும். அவசரப்பட்டால் வெடித்துவிடும்” என்று தடுத்தார். பதினைந்து நாள், காலையும் மாலையும், துணியால் ஒற்றி, பக்கம் மாற்றி வைத்தார். அந்த மரத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை.

தோல் அப்படித் தப்பவில்லை. மிருதங்கம் ஆறுக்கும் வலப்பக்கத் தோலான வலந்தலையும் இடப்பக்கத் தோலான தொப்பியும் ஊறித் தளர்ந்து, வலந்தலை நடுவில் உள்ள கரும்பூச்சான கரணை பெயர்ந்துவிட்டது. புதிய மூட்டும் (தோல் முகம்) அதை இழுத்துக்கட்டும் வாரும் வாங்கப் பெற்றோர் பணம் சேர்த்தார்கள். தீபாவளிக்குப் புதுத்துணி எடுக்க வைத்திருந்த பணத்திலிருந்து கொடுத்தவர்களும் உண்டு என்று எனக்குத் தெரியும். வரவு செலவு நோட்டு பள்ளியிலேயே இருக்கிறது. யாரும் எப்போதும் வந்து பார்க்கலாம்.

வீணைக்கு மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுருதிக்கேற்ப மெழுகில் பதிக்க, வந்த பெரியவர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். ஈரத்தில் மெழுகு விட்டுப்போய், விரல் வைத்து அழுத்தும் உலோகக் கட்டைகளான மெட்டுகள் இடம் நகர்ந்திருந்தன. பழைய மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு, தேன்மெழுகும் கரியும் கலந்து புதிதாக இட்டு, இருபத்து நான்கு மெட்டையும் ஒவ்வொன்றாகப் பதித்தார். மெட்டை லேசாக அழுத்துவார், தந்தியை மீட்டுவார், கண்ணை மூடிக் கேட்பார், மயிரிழை தள்ளுவார், மறுபடி மீட்டுவார். கருவி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை, காது ஒன்றுதான். ஓர் இடத்தில் உட்காராத நம் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து மூச்சுவிடாமல் பார்த்தார்கள். அந்தர காந்தாரம் என்ற ஸ்வரம் சரியாக வந்து விழுந்தபோது எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி “இதுதான்!” என்று கத்தினாள். பெரியவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துத் தலையசைத்தார். நான் ஓராண்டு சொல்லிக்கொடுத்தாலும் அந்த ஒரு நொடிக்கு ஈடாகாது. பொருள் செலவும் பஸ் கட்டணமும் போக ஒரு காசு அவர் வாங்கவில்லை.

கூடம் காய்ந்து, சுவர் பூசி முடியும்வரை டீக்கடை பாய் தம் கடை மாடியை எங்களுக்குத் திறந்துவிட்டார். வாடகைப் பேச்சையே எடுக்கவிடவில்லை. கீழே வியாபாரம் நடக்கும் நேரத்தில் மேலே முப்பது பிள்ளைகள் தாளம் போட்டால் எப்படி இருக்கும் என்பது தெரிந்தே செய்தார். வீட்டுக்கார அம்மா இரண்டு மாத வாடகையை வேண்டாம் என்றார்.

ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒரு ஞாயிறன்று பிள்ளைகளைப் பல நடையாக மேல அனுமந்தராயன் கோயில் தெருவுக்கு அழைத்துப்போனார். 1916இல் மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி வாழ்ந்த வீடு அங்கே இருக்கிறது. முகப்பில் வீணை உருவம் உண்டு. அவருடைய தாயார் சண்முகவடிவு வீணைக் கலைஞர். பள்ளி மூடிக்கிடந்த வாரங்களில் பிள்ளைகள் துவண்டு போகாமல் இருந்ததற்கு அந்த ஒரு நாளும் காரணம்.

நோட்டுகளை மறக்கவே கூடாது. மை கரைந்துபோன பாடங்களைத் தாய்மார்கள் உட்கார்ந்து புதிய நோட்டுகளில் எழுதிக்கொடுத்தார்கள். சங்கீதம் கற்காதவர்கள். மேல் ஸ்தாயி ஸ்வரத்துக்குப் புள்ளி மேலே, கீழ் ஸ்தாயி ஸ்வரத்துக்குப் புள்ளி கீழே என்று ஒருமுறை சொன்னேன். ஒரு புள்ளி தவறவில்லை. பீடி சுற்றும் அக்கா ஒருவர் வேலை முடிந்து இரவில் எழுதிய நோட்டைப் பள்ளிக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

இன்னும் ஒருவர். பக்கத்து வீட்டில் இரவுப் பணி பார்த்துவிட்டுப் பகலில் உறங்கும் சகோதரர். இத்தனை வருடமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் ஜண்டை வரிசைப் பாடம் ஓடுகிறது. ஒருநாள்கூட அவர் முகம் சுளித்ததில்லை. வெள்ளம் வடிந்ததும் வாசலில் கிடந்த சேற்றை முதலில் வாரியவரும் அவர்தான். இனி சனி, ஞாயிறு வகுப்புகள் மாலை நான்கு மணிக்கு மேல்தான் நடக்கும், அண்ணா.

வெள்ளிக்கிழமை வகுப்பு பழையபடி ஐந்து மணிக்கு. நீலத் தார்ப்பாய் இரண்டும், மேசை மின்விசிறி ஒன்றும், மூடியில்லாத எவர்சில்வர் தூக்கு ஒன்றும் இன்னும் பள்ளியில் இருக்கின்றன. யாருடையவை என்று தெரியவில்லை. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வந்தால் ஒரு பாட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள்.

நன்றியுடன்,
உங்கள் பாட்டு டீச்சர்