தமிழ் அச்சின் 450-க்கு மலர் போடப்போகிறவர்களே, கர்தினால் என்றிக்கேவுக்கு நாலு பக்கம் ஒதுக்குங்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் 'தம்பிரான் வணக்கம்'. 2028 அக்டோபர் 20-ஆம் தேதி அது அச்சாகி 450 வருடம் ஆகிறது. விழா எடுப்பீர்கள், எடுக்கத்தான் வேண்டும், கூடவே மலரும் போடுவீர்கள். கொல்லத்தில் அச்சான அந்தப் பதினாறு பக்கப் புத்தகம், அதைத் தமிழில் தந்த புன்னைக்காயல் அன்றீக்கஸ் அடிகளார், முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கொடுத்த பணம் என்று பத்துக் கட்டுரையாவது வரும். அதில் எங்காவது ஒரு மூலையில் 'அப்போதைய போர்ச்சுக்கல் மன்னர்' என்று ஒருவர் தலைகாட்டிவிட்டுப் போய்விடுவார். அப்படி ஒரே வரியில் அனுப்பிவைக்கக்கூடிய ஆள் இல்லை அவர். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அவர் பெயர் என்றிக்கே. நம் அடிகளாரின் பெயரும் கிட்டத்தட்ட அதுவே என்பதால், கொஞ்சம் அசந்தால் அச்சுக்கோர்ப்பிலேயே இருவரும் ஒருவராகிவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். மன்னர் மனுவேலின் மகனாக 1512 ஜனவரி 31 அன்று லிஸ்பனில் பிறந்தவர். வாஸ்கோ ட காமாவைக் கடலுக்கு அனுப்பிய அதே மனுவேல்தான். மூத்த மகன் ஜோவானுக்கு அரியணை, அக்கா இசபெல் பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கு மனைவி, மற்ற பிள்ளைகளில் சிலருக்குப் பிரபுப் பட்டம், சிலருக்குத் திருச்சபை. இவருடைய அண்ணன் அபோன்சோவை எட்டு வயதிலேயே போப்பாண்டவருக்கு அடுத்த நிலையிலுள்ள கர்தினால் ஆக்கியிருந்தார்கள் என்றால், அந்தக் காலத்து அரச குடும்பங்கள் மறைமாவட்டங்களை எப்படிப் பார்த்தன என்பது புரியும். வருமானமும் செல்வாக்கும் வீட்டை விட்டு வெளியே போகாமல் இருக்க ஒரு வழி. என்றிக்கேவுக்கு இருபத்திரண்டு வயதுக்குள் பிராகா மறைமாவட்டம் கிடைத்தது, 1540-இல் அபோன்சோ இறந்ததும் எவோரா, 1545-இல் கர்தினால் பட்டம், 1564-இல் லிஸ்பன்.

ஆனால் அவர் வாழ்க்கையை முடிவு செய்த பதவி இவற்றில் எதுவுமில்லை. 1539-இல், இருபத்தேழு வயதில், அண்ணன் ஜோவான் இவரைப் போர்ச்சுக்கலின் மத விசாரணை மன்றத்துக்கு (இன்குவிசிஷன், கத்தோலிக்க நம்பிக்கையிலிருந்து விலகியவர்களை விசாரித்துத் தண்டிக்கும் நீதிமன்றம்) தலைமை விசாரணையாளர் ஆக்கினார். வயது போதாது என்று ரோமிலிருந்து ஆட்சேபம் வந்தது, யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறு வருடமே லிஸ்பனில் முதல் முறையாகப் பொதுத் தண்டனைச் சடங்கு நடந்தது. அடுத்த நாற்பது வருடம், ஏறக்குறைய சாகும் வரைக்கும், அந்த நாற்காலி அவரிடமே இருந்தது. முக்கிய இலக்கு 'புதுக் கிறிஸ்தவர்கள்', அதாவது அவருடைய அப்பா காலத்தில் கட்டாயப்படுத்தி ஞானஸ்நானம் கொடுக்கப்பட்ட யூதர்களும் அவர்கள் பிள்ளைகளும். மதம் மாறச் சொன்னதும் இந்தக் குடும்பம்தான், மாறியது உண்மையா என்று நோண்டியதும் இந்தக் குடும்பம்தான்.

ஒரே ஒரு வழக்கை மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம். தமியாவோ த கோயிஷ் அன்றைய போர்ச்சுக்கலின் பெரிய அறிஞர், அரண்மனை ஆவணக் காப்பாளர். தன் அப்பா மனுவேலின் வரலாற்றை எழுதும்படி 1558-இல் அவரிடம் ஒப்படைத்தவர் நம் கர்தினால். மனிதர் எழுதினார், 1566–67-இல் புத்தகம் அச்சாகி வந்தது. 1571-இல் அதே கர்தினாலின் மன்றம் அவரைப் பிடித்து உள்ளே போட்டது. குற்றம் என்ன? வாலிப வயதில் ஜெர்மனியின் விட்டன்பர்க் போய், கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்துப் பிரிந்த லூத்தரைப் பார்த்தார், திருச்சபையை விமர்சித்த அறிஞர் எராஸ்முஸ் வீட்டில் தங்கினார், நாற்பது வருடத்துக்கு முந்தைய சமாசாரம். சேசு சபைக் குரு ஒருவர் 1545-லேயே கொடுத்த புகார் அது, இத்தனை காலம் கிடப்பில் கிடந்தது. எழுபதை நெருங்கிய அந்தக் கிழவரை 1572-இல் பட்டாலியா மடத்தில் அடைக்கும்படி தீர்ப்பு. 1574-இல் செத்துப்போனார். தன் அப்பாவின் வாழ்க்கையை எழுதித் தந்தவருக்காகக் கர்தினால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கான அதிகாரம் அவரைவிட வேறு யாருக்கு இருந்தது?

சரி, இதற்கும் தமிழ் அச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அன்றீக்கஸ் அடிகளாரே ஒரு புதுக் கிறிஸ்தவர். யூத வம்சாவளி என்ற காரணத்துக்காகவே பிரான்சிஸ்கன் சபையிலிருந்து வெளியே அனுப்பப்பட்டு, பிறகு சேசு சபையில் சேர்ந்து 1546-இல் இந்தியா வந்தவர். அந்தச் சேசு சபையைப் போர்ச்சுக்கலில் தூக்கி நிறுத்தியவர்களில் கர்தினாலும் ஒருவர், 1559-இல் எவோராவில் பல்கலைக்கழகம் தொடங்கி அவர்கள் கையில் கொடுத்தவர். ஆக, அடிகளாருக்கு இடம் கொடுத்த சபைக்கும் இவர்தான் புரவலர், அடிகளாரின் இரத்தத்தைச் சந்தேகித்த மன்றத்துக்கும் இவர்தான் தலைவர். 1560-இல் அந்த மன்றத்தைக் கோவாவுக்கும் அனுப்பிவைத்தார், கிழக்கே போர்ச்சுகீசியர் கொடி பறந்த இடமெல்லாம் அதன் எல்லை. கோவாவில் 1563-இல் மூலிகைகள் பற்றிப் புத்தகம் அச்சிட்ட மருத்துவர் கார்சியா த ஓர்த்தாவின் தங்கையை 1569-இல் எரித்தார்கள், 1568-இல் இறந்துபோயிருந்த மருத்துவரின் எலும்புகளை 1580-இல் தோண்டியெடுத்து எரித்தார்கள். அவரும் புதுக் கிறிஸ்தவர், புத்தகம் போட்டவர். இதையெல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல், புன்னைக்காயலில் ஒரு பாதிரியார் அமைதியாக உட்கார்ந்து தமிழ் படித்தார் என்று மட்டும் எழுதினால் அது பாதிக் கதை.

மிச்சக் கதை 1578. அண்ணன் பேரன் செபஸ்தியான் மூன்று வயதில் மன்னரானவன், 1562 முதல் 1568 வரை அவனுக்குப் பதிலாக நாட்டை ஆண்டவரும் இவரே. மொராக்கோ மீது படையெடுக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னது பையன் காதில் ஏறவில்லை. ஆகஸ்ட் 4 அன்று அல்காசர் கிபீர் போரில், இருபத்து நாலு வயதில், வாரிசில்லாமல் போய்ச் சேர்ந்தான். ஆகஸ்ட் 28 அன்று லிஸ்பனில் ஓர் ஆஸ்பத்திரியின் தேவாலயத்தில், ஆடம்பரம் ஏதுமில்லாமல், அறுபத்தாறு வயதுக் கர்தினாலை மன்னராக அறிவித்தார்கள். கொல்லத்தில் நம் புத்தகம் வந்தபோது செபஸ்தியான் செத்த செய்தி அங்கே எட்டியிருக்க வாய்ப்பே இல்லை, கப்பல் வர ஆறு மாதம் பிடிக்கும். மறு வருடம் நவம்பரில் கொச்சியில் அடிகளாரின் அடுத்த தமிழ்ப் புத்தகம் 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சானபோதும் இவர்தான் மன்னர்.

வாரிசு வேண்டுமே! கிழவர் கல்யாணம் செய்துகொள்ள அனுமதி கேட்டுப் போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரகோரியாருக்கு எழுதினார். ஸ்பெயினின் இரண்டாம் பிலிப்பு அது நடக்காதபடி பார்த்துக்கொண்டார், அனுமதி கடைசிவரை வரவேயில்லை. பிலிப்பு யார்? அக்கா இசபெல்லின் மகன், கர்தினால் அவருக்குத் தாய்மாமன். தம்பி மகள் கத்தரீனாவும் போட்டியில் இருந்தாள். அண்ணன் மகன் அந்தோனியோவும் இருந்தான், அவனைப் பார்த்தாலே கர்தினாலுக்கு ஆகாது, முறையான திருமணத்தில் பிறந்தவன் இல்லையென்று தீர்ப்பு வாங்கி ஒதுக்கிவிட்டார். மொத்தத்தில் குடும்பச் சொத்துத் தகராறு, சொத்து மட்டும் பிரேசிலிலிருந்து மலாக்கா வரை. யாரை வாரிசு என்றும் அறிவிக்காமல், 1580 ஜனவரி 31 அன்று, தன் அறுபத்தெட்டாவது பிறந்த நாளிலேயே அல்மெய்ரீமில் கண்ணை மூடினார். அந்த ஆகஸ்டிலேயே பிலிப்பின் படை லிஸ்பனுக்குள் வந்துவிட்டது. நாட்டைக் காஸ்டீலியருக்கு, அதாவது ஸ்பெயின்காரருக்கு, உயில் எழுதிவைத்துவிட்டுப் போனவர் நரகத்தில் பல்லாண்டு வாழட்டும் என்று போர்ச்சுகீசிய மக்கள் பாட்டுக் கட்டிப் பாடினார்கள். அப்படியொரு உயிலே கிடையாது, ஆனாலும் அந்தக் கோபம் நியாயம்தான் என்பேன்.

அறுபது வருடம் போர்ச்சுக்கல் ஸ்பெயின் மன்னர்களின் கீழ் கிடந்தது. அதனால் ஸ்பெயினோடு சண்டையில் இருந்த டச்சுக்காரர்களுக்குப் போர்ச்சுகீசியத் துறைமுகங்களும் எதிரியின் இடங்கள் ஆயின. 1658-இல் தூத்துக்குடியும் யாழ்ப்பாணமும் டச்சுக்காரர் கைக்குப் போனதன் நூலைப் பிடித்துக்கொண்டே போனால், அல்மெய்ரீம் அரண்மனையில் முடிவெடுக்கத் திணறிய இந்த மனிதரிடமும் ஒரு முனை இருக்கும்.

இவரை அரக்கன் என்று எழுதச் சொல்லவில்லை. தனி வாழ்க்கையில் எளிமையானவர், உழைப்பாளி, நம்பியதை உண்மையாக நம்பியவர். நாலு பக்கம் போதும். ஒன்றில் அவருடைய குடும்ப மரம், ஒன்றில் கோயிஷ் வழக்கு, ஒன்றில் கோவா, கடைசியில் அந்தப் பதினேழு மாத ஆட்சி. அட்டைக்குள்ளே 'போர்ச்சுகீசிய அரசின் ஆதரவோடு' என்று போடுவதாக இருந்தால் தயவுசெய்து மன்னரின் பெயரையும் சேர்த்தே போடுங்கள், பக்கத்திலேயே அவர் தலைமை விசாரணையாளராக இருந்த வருடங்களையும்: 1539 முதல் 1579 வரை.