மதுக்கடை மூடும் திருநாள்கள்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மறுபடியும் உன் கையாலேயே எழுதத் தொடங்கிவிட்டாய் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். சமயத் திருநாள்களில் மது விற்பனையைச் சட்டம் தடுப்பது சரிதானா என்று கேட்டிருக்கிறாய். என் அண்ணன் குடியால் இறந்ததை அறிந்தவன் நீ. ஆகவே சரி என்று ஒரே சொல்லில் பதில் வரும் என எதிர்பார்த்திருப்பாய். அப்படி எழுத என்னால் முடியவில்லை.

கடை மூடும் நாளுக்கு முந்தைய மாலையில் அண்ணன் இரண்டு நாளுக்கானதை வாங்கி வைப்பார். முதல் இரவிலேயே அது தீர்ந்துவிடும். நாள்தோறும் குடித்துப் பழகிய உடலுக்கு மது திடீரென்று நின்றால் கை நடுங்கும், சிலருக்கு வலிப்பும் வரும். அந்தத் திருநாள்கள் எங்கள் வீட்டில் எப்படிக் கழிந்தன என்பதை நீ நேரில் பார்த்திருக்கிறாய்.

அயர்லாந்தின் சட்டத்தைப் பற்றிப் படித்தபோது என் தயக்கம் இன்னும் கூடியது. அங்கே 1927-ஆம் ஆண்டுச் சட்டப்படி கிறிஸ்துமஸ், பெரிய வெள்ளி, புனித பேட்ரிக் திருநாள் ஆகிய மூன்று நாள்களிலும் மதுக்கூடங்கள் மூடப்பட்டன. பேட்ரிக் திருநாளுக்கான தடை 1960-இல் நீங்கியது. பெரிய வெள்ளித் தடையோ 2018 வரை நீடித்தது. ஆனால் ரயில் பயணிகளுக்கும், கப்பலில் செல்பவர்களுக்கும், விடுதியில் தங்கி உணவு உண்பவர்களுக்கும் விலக்கு இருந்தது. 2010-இல் லிமெரிக் நகரில் பெரிய வெள்ளியன்று ஒரு பெரிய ரக்பி ஆட்டம் வந்தபோது, மதுக்கூடங்களைத் திறக்க நீதிமன்றமே அனுமதி அளித்தது. தாய்லாந்திலும் புத்த சமயத்தின் முக்கிய நாள்கள் ஐந்தில் தடை உண்டு. 2025-இல் விமான நிலையங்களுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் அதைத் தளர்த்தினார்கள். நாளின் புனிதத்துக்காக என்று சொல்லி இயற்றிய சட்டம், பயணச் சீட்டும் விடுதி அறையும் உள்ளவனுக்கு வழிவிட்டு, தெருவில் நிற்பவனை மட்டும் தடுப்பது எனக்கு உறுத்துகிறது.

ஆனாலும் ஒரு வாதம் என்னை அசைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வணிகத் தடையைப் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1961-இல் மெக்கவன் வழக்கில் தீர்ப்பளித்தபோது, அதன் தொடக்கம் சமயமாக இருந்தாலும், இன்றைய நோக்கம் எல்லோருக்கும் பொதுவான ஓய்வு நாள் என்று கூறி அதை ஏற்றுக்கொண்டது. அயர்லாந்தின் மதுக்கூட ஊழியர்களை நினைத்துப் பார். ஆண்டுக்கு இரண்டு நாள்கள் கடை திறக்காது என்று உறுதியாக நம்பியிருந்தவர்களுக்கு இப்போது கிறிஸ்துமஸ் ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது. பெரிய வெள்ளி அங்கே பொது விடுமுறையும் அல்ல. அவர்களுடைய ஓய்வுக்காகக் கடையை மூடுவதென்றால் முழு மனத்துடன் ஆதரிப்பேன். அண்ணனைப் போன்றவர்களுக்கோ அந்த ஒரு நாளில் வேண்டியிருப்பது திறந்திருக்கும் மருத்துவமனை.

நீ பல ஆண்டுகள் தொழிற்சங்கத்தில் இருந்தவன். ஊழியர்களின் ஓய்வைச் சமயத்தின் பெயரைச் சொல்லாமலே சட்டத்தால் காக்க வழி உண்டா என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்